சுருக்கி வைத்த டிஸ்க்கோடு வேறு டாஸுக்கு மாறுவது: முதல்முறை செய்பவர்களுக்கு

டாஸ் என்பது கட்டளைகளை அடித்து இயக்கும் பழைய இயங்குதளம். பழைய கணினியில் வேறு ஒரு டாஸைப் போட்டுப் பார்க்கலாம் என்று அதன் பிளாப்பியிலிருந்து கணினியைத் தொடங்குகிறீர்கள், அதாவது பூட் செய்கிறீர்கள். சி டிரைவைத் திறந்தால் உள்ளே ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. நிரல்கள், விளையாட்டுகள், எழுதி வைத்த கோப்புகள் எதையும் காணோம். ஆனால் காலி இடமும் இல்லை என்கிறது கணினி. இந்த இடத்தில் பதறிப்போய் ஃபார்மட் கட்டளையை அடித்து எல்லாவற்றையும் இழந்தவர்கள் பலர். அடிக்காமல் விட்டிருந்தால் ஒரு கோப்புகூடப் போயிருக்காது. அந்த ஒரு நிமிடப் பதற்றம் யாருக்கும் வரக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கோப்புப் பெயர்களையும் கட்டளைகளையும் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். விசைப்பலகையில் அவற்றை ஆங்கில எழுத்துகளில்தான் அடிக்க வேண்டும். டாஸில் கோப்புப் பெயர் எட்டு எழுத்துக்குள் அடங்க வேண்டும் என்பதால், டிஸ்க்கைச் சுருக்கும் நிரல்களில் 'டபுள்ஸ்பேஸ்' என்பது டிபிஎல்ஸ்பேஸ் என்றும், 'டிரைவ்ஸ்பேஸ்' என்பது டிஆர்விஸ்பேஸ் என்றும் குறுகியிருக்கும்.

சி டிரைவ் என்று நீங்கள் பார்ப்பது ஒரு கோப்பு

இதை மட்டும் மனத்தில் பதித்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிது. டபுள்ஸ்பேஸ், ஸ்டாக்கர் போன்ற மென்பொருளை நிறுவியதும், உங்கள் கோப்புகள் எல்லாம் சுருக்கப்பட்டு ஒரே ஒரு பெரிய கோப்புக்குள் போய்விடுகின்றன. அந்தக் கோப்பு உண்மையான டிஸ்க்கில் மறைவாக இருக்கும். கணினி தொடங்கும்போது ஒரு டிரைவர் நிரல் நினைவகத்தில் ஏறி, அந்தக் கோப்பைத் திறந்து, "இதுதான் சி டிரைவ்" என்று டாஸிடம் காட்டுகிறது. உண்மையான டிஸ்க்குக்கு எச் போன்ற வேறொரு எழுத்தைக் கொடுத்து ஓரமாக வைத்துவிடுகிறது. அதை ஹோஸ்ட் டிரைவ் என்பார்கள்.

ஆக, டிரைவர் ஏறினால்தான் உங்கள் கோப்புகள் கண்ணுக்குத் தெரியும். வேறு டாஸில் பூட் செய்யும்போது அந்த டிரைவர் ஏறுவதில்லை. அதனால் சி என்ற எழுத்து மறுபடி உண்மையான டிஸ்க்குக்கே போய்விடுகிறது. அங்கே இருப்பது அந்த ஒரு பெரிய மறைவுக் கோப்பும் பூட் கோப்புகள் சிலவும்தான். கோப்புகள் தொலையவில்லை, பெட்டிக்குள் இருக்கின்றன. திறக்கும் ஆள்தான் வரவில்லை.

எந்த டாஸோடு எது வந்தது

ஸ்டாக் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் ஸ்டாக்கர் 1990-இல் தனியாக விற்பனைக்கு வந்தது. 1991-இல் வந்த டிஆர் டாஸ் 6.0-இல் சூப்பர்ஸ்டோர் என்ற வேறொரு நிரல் சேர்ந்து வந்தது. 1993 மார்ச்சில் எம்எஸ்-டாஸ் 6.0 டபுள்ஸ்பேஸோடு வெளியானது. அதே ஆண்டின் இறுதியில் வந்த 6.2, அதில் இருந்த பாதுகாப்புக் குறைகளைச் சரிசெய்தது. ஸ்டாக் தொடுத்த காப்புரிமை வழக்கில் மைக்ரோசாஃப்ட் 12 கோடி டாலர் கொடுக்க வேண்டும் என்று 1994 பிப்ரவரியில் ஜூரி தீர்ப்பளித்தது. அதனால் 6.21-இல் சுருக்க நிரலே கிடையாது. சில மாதங்களில் வந்த 6.22-இல் வேறு முறையில் எழுதப்பட்ட டிரைவ்ஸ்பேஸ் இருந்தது. நோவெல் டாஸ் 7 ஸ்டாக்கரைச் சேர்த்துக்கொண்டது. 1995-இல் வந்த ஐபிஎம்-இன் பிசி டாஸ் 7-இல் ஸ்டாக்கர் 4 வந்தது. ஃப்ரீடாஸில் சுருக்க நிரல் எதுவும் சேர்த்துத் தரப்படுவதில்லை.

இந்த வரலாறு எதற்கென்றால், இவை ஒவ்வொன்றும் தன் கோப்பைத் தன் முறையில் எழுதுகிறது. ஒன்று எழுதியதை இன்னொன்று தானாகப் படித்துவிடும் என்று நம்பிப் போகாதீர்கள். ஒரே பெயருள்ள நிரலிலும் பழைய பதிப்பு புதிய பதிப்பின் கோப்பைப் படிக்காது. ஸ்டாக்கர் 4-இல் சுருக்கியதை ஸ்டாக்கர் 3 திறக்காது. விண்டோஸ் 95-க்கான பிளஸ் தொகுப்போடு வந்த டிரைவ்ஸ்பேஸ் 3-இல் சுருக்கியதை எம்எஸ்-டாஸ் 6.22 திறக்காது.

முதலில், உங்களிடம் இருப்பது எது?

பழைய டாஸிலேயே வழக்கம்போல் பூட் செய்யுங்கள். 'மெம் /சி' என்று அடித்து நினைவகத்தில் ஏறியுள்ள நிரல்களைப் பாருங்கள். டிபிஎல்ஸ்பேஸ், டிஆர்விஸ்பேஸ், ஸ்டாக்கர் என்று ஏதாவது தெரிந்தால் சுருக்கம் இருக்கிறது என்று அர்த்தம். பிறகு ஹோஸ்ட் டிரைவுக்குப் போய் 'டிர் /ஏ' அடியுங்கள். மறைவுக் கோப்புகளும் தெரியும். எந்த எழுத்து ஹோஸ்ட் என்று தெரியாவிட்டால் ஒவ்வொன்றாகப் பாருங்கள். எம்எஸ்-டாஸில் அதன் லேபிளே 'ஹோஸ்ட் ஃபார் சி' என்று இருக்கும்.

அங்கே டிபிஎல்ஸ்பேஸ்.000 என்ற மிகப் பெரிய கோப்பு இருந்தால் டபுள்ஸ்பேஸ். டிஆர்விஸ்பேஸ்.000 என்றால் டிரைவ்ஸ்பேஸ். ஸ்டாக்வால்.டிஎஸ்கே என்றால் ஸ்டாக்கர். பெரிய கோப்பின் பெயரை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும், பக்கத்தில் இருக்கும் டிபிஎல்ஸ்பேஸ்.பின் என்ற சிறிய டிரைவர் கோப்பை வைத்து அல்ல. எம்எஸ்-டாஸ் 6, தொடக்க அமைப்புகளைச் சொல்லும் கான்பிக்.சிஸ் கோப்பைப் படிப்பதற்கு முன்பே அந்தப் பெயருள்ள கோப்பைத் தேடிப்பிடித்து ஏற்றும். அந்த வசதியைப் பயன்படுத்திக்கொள்ள ஸ்டாக்கரும் தன் டிரைவரை அதே பெயரில் வைத்தது. (அந்த வசதியை மைக்ரோசாஃப்ட் வெளிப்படையாக ஆவணப்படுத்தவில்லை. அதே வழக்கில் அந்தக் குற்றச்சாட்டில் ஸ்டாக் நிறுவனமும் பணம் கட்டும்படி ஆனது.)

கண்டதை ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: டாஸ் பதிப்பு எண், சுருக்க நிரலின் பெயர், அதன் பதிப்பு, ஹோஸ்டின் எழுத்து. கணினிக்குள்ளேயே ஒரு கோப்பில் குறித்து வைக்க வேண்டாம். தேவைப்படும் நேரத்தில் அந்தக் கோப்பைத்தான் திறக்க முடியாமல் போகும்.

நகல் எடுப்பது

இந்த வேலையில் பாதி நேரம் இதற்குத்தான் போகும். போகட்டும்.

எமுலேட்டரில், அதாவது புதிய கணினிக்குள் பழைய கணினியைப் போலச் செய்யும் மென்பொருளில், வேலை செய்பவர்களுக்கு இது சுலபம். 86பாக்ஸ், க்யூஇஎம்யூ போன்றவற்றில் மொத்த டிஸ்க்கும் ஒரு இமேஜ் கோப்புதான். மெய்நிகர்க் கணினியை அணைத்துவிட்டு அந்த இமேஜை வேறு பெயரில் நகலெடுத்தால் போதும். உண்மையான பழைய கணினி என்றால், டிஸ்க்கைக் கழற்றிப் புதிய கணினியோடு ஓர் அடாப்டர் மூலம் இணைத்து, செக்டர் செக்டராக முழு இமேஜ் எடுப்பதுதான் நான் சொல்லக்கூடிய சிறந்த வழி. லினக்ஸில் 'டிடி' கட்டளையே இதைச் செய்துவிடும். இமேஜ் கையில் இருந்தால் எந்தத் தவறையும் திருப்பிக்கொள்ளலாம். கோப்புகளை மட்டும் நகலெடுத்தால் அந்த நிம்மதி கிடைக்காது.

இமேஜ் எடுக்க வழியில்லாமல் கோப்புகளாகத்தான் எடுக்க வேண்டும் என்றால், சில பள்ளங்கள் இருக்கின்றன.

பழைய டாஸோடு வந்த பேக்கப் நிரலை நம்பாதீர்கள். எம்எஸ்-டாஸ் 6-இன் பேக்கப் நிரலில் எடுத்ததை மீட்க அதே நிரல் வேண்டும். புதிய டாஸில் அது இருக்காது. சாதாரண நகலாகவோ, ஜிப் கோப்பாகவோ எடுங்கள். ஜிப்பை எந்த டாஸிலும் பிரிக்க முடியும். பிரிக்கும் நிரலையும் ஒரு பிளாப்பியில் சேர்த்துப் போட்டு வைக்க மறக்க வேண்டாம்.

எக்ஸ்காப்பி கட்டளை எம்எஸ்-டாஸ் 6-இல் மறைவுக் கோப்புகளையும் சிஸ்டம் கோப்புகளையும் தொடாது. நகல் முடிந்துவிட்டது என்று நினைப்பீர்கள், சில கோப்புகள் மட்டும் வந்திருக்காது. அட்ரிப் கட்டளையால் அந்த அடையாளங்களை முதலில் எடுத்துவிட்டு நகலெடுக்கலாம். ஆனால் இதைச் சுருக்க டிரைவுக்குள் இருக்கும் உங்கள் சொந்தக் கோப்புகளுக்கு மட்டும் செய்யுங்கள். ஹோஸ்டில் இருக்கும் .000 கோப்பின் அடையாளங்களில் கை வைக்கவே கூடாது.

அப்புறம், டபுள்ஸ்பேஸ் பிளாப்பிகளையும் சுருக்கும். அப்படிச் சுருக்கிய பிளாப்பியில் நகல் எடுத்து வைத்தால், புதிய டாஸில் அதைப் போடும்போது உள்ளே ரீட்திஸ்.டெக்ஸ்ட் என்ற ஒரு குறிப்புக் கோப்பு மட்டும்தான் கண்ணில் படும். நகலுக்குச் சாதாரண பிளாப்பிதான் சரி.

திரும்பி வருவதற்கு ஒரு பிளாப்பி

பழைய டாஸில் இருக்கும்போதே ஒரு பூட் பிளாப்பி செய்யுங்கள். எம்எஸ்-டாஸ் 6-இல் 'ஃபார்மட் ஏ: /எஸ்' என்று கொடுத்தால் பூட் கோப்புகளோடு சுருக்க டிரைவரையும் அதுவே பிளாப்பியில் வைக்கும். அதனால் அந்தப் பிளாப்பியில் பூட் செய்தாலும் உங்கள் சுருக்கிய சி டிரைவ் தெரியும். சிஸ், ஃபார்மட், எஃப்டிஸ்க், அட்ரிப், ஸ்கேன்டிஸ்க் ஆகியவற்றையும் நகலெடுத்துக்கொள்ளுங்கள். எடிட் நிரலை மட்டும் எடுத்து வைத்தால் அது ஓடாது. எம்எஸ்-டாஸ் 5-இலும் 6-இலும் அது க்யூபேசிக் என்ற இன்னொரு நிரலின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதையும் சேர்த்துப் போடுங்கள்.

செய்து முடித்ததும் அந்தப் பிளாப்பியில் ஒருமுறை பூட் செய்து, சி டிரைவில் உங்கள் கோப்புகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். சோதிக்காத மீட்புப் பிளாப்பியை வைத்திருப்பதும் இல்லாததும் ஒன்றுதான்.

விரித்தால் இடம் பத்துமா?

என் கருத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். புதிதாகச் செய்பவர் யாராக இருந்தாலும், முதலில் சுருக்கத்தை நீக்கி டிஸ்க்கைச் சாதாரண நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அதன் பிறகே டாஸை மாற்ற வேண்டும். சுருக்கத்தோடேயே மாறும் வழியும் உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் இரண்டு மாற்றங்களை ஒரே நேரத்தில் செய்து ஏதாவது தவறினால், எதில் தவறு என்று கண்டுபிடிப்பது பெரிய தலைவலி.

விரிப்பதில் வரும் முதல் சிக்கல் இடம். 120 எம்பி டிஸ்க்கில் 160 எம்பி கோப்புகளை வைத்திருந்தால் அவை விரிந்த நிலையில் அதற்குள் அடங்காது. இது எல்லோருக்கும் புரியும். பலர் கவனிக்காதது வேறொன்று: கோப்புகளின் அளவைக் கூட்டிப் பார்த்து, "110 எம்பிதானே, 120-க்குள் அடங்கும்" என்று நினைத்தாலும் அடங்காமல் போகலாம்.

காரணம் கிளஸ்டர். சாதாரண டாஸ் டிஸ்க்கில் ஒரு கோப்புக்கு இடம் கிளஸ்டர் கிளஸ்டராகத்தான் ஒதுக்கப்படும். ஒரு பைட் கோப்பாக இருந்தாலும் ஒரு முழு கிளஸ்டரைப் பிடித்துக்கொள்ளும். 128 எம்பிக்குள் உள்ள பகுதியில் கிளஸ்டர் 2 கேபி. 256 முதல் 512 எம்பிக்குள் என்றால் 8 கேபி. 1 ஜிபிக்கு மேல் போனால் 32 கேபி. சராசரியாக ஒவ்வொரு கோப்பின் கடைசியிலும் அரை கிளஸ்டர் வீணாகிறது. டபுள்ஸ்பேஸோ 512 பைட் கொண்ட செக்டர் கணக்கில் இடம் ஒதுக்குகிறது. அதனால் அந்த வீண் அங்கே மிகக் குறைவு. அது மிச்சம் பிடித்துத் தந்த இடத்தில் ஒரு பகுதி சுருக்கியதால் வந்ததே அல்ல, இந்த வீணைத் தவிர்த்ததால் வந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்களிடம் 3,000 கோப்புகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். 100 எம்பி டிஸ்க்கில் விரித்தால் கோப்புக்கு 1 கேபி வீதம் சுமார் 3 எம்பி வீணாகும். அதே கோப்புகளை 400 எம்பி பகுதியில் விரித்தால் கோப்புக்கு 4 கேபி வீதம் சுமார் 12 எம்பி. குட்டிக் குட்டிக் கோப்புகள் நிறைய வைத்திருப்பவர்கள் இந்தக் கூடுதலைச் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும்.

சுருக்க டிரைவில் 'காலி இடம்' என்று காட்டுவதும் ஓர் ஊகம்தான். இனி வரப்போகும் கோப்புகள் எவ்வளவு சுருங்கும் என்று முன்கூட்டி யாருக்கும் தெரியாதல்லவா? நிரல் ஒரு விகிதத்தை வைத்துக்கொண்டு கணக்குக் காட்டுகிறது. அந்த எண்ணை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

இடம் பத்தவில்லை என்றால், ஏற்கனவே நகலெடுத்து வைத்த கோப்புகளில் பெரியவற்றை அழித்து இடம் உண்டாக்குங்கள். நகல் திறக்கிறதா என்று பார்த்த பிறகு.

விரிப்பது

முதலில் டிரைவ் பழுதில்லாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எம்எஸ்-டாஸ் 6.2 முதல் ஸ்கேன்டிஸ்க் உண்டு, அதற்குச் சுருக்க டிரைவின் அமைப்பும் தெரியும். 6.0 என்றால் டபுள்ஸ்பேஸ் நிரலிலேயே ஒரு சோதிப்பு வசதி இருக்கிறது. ஸ்டாக்கரில் அதற்கென 'செக்' நிரல். பிழை ஏதும் தெரிந்தால் அதைச் சரிசெய்யாமல் அடுத்த அடி வைக்க வேண்டாம்.

டிஸ்க்கின் வேகத்தைக் கூட்டும் ஸ்மார்ட்டிரைவ் நிரல் ஓடிக்கொண்டிருந்தால், தொடக்கத்தில் தானாக ஓடும் ஆட்டோஎக்ஸெக்.பேட் கோப்பிலிருந்து அதைத் தற்காலிகமாக நீக்கிவிட்டு மறுபடி பூட் செய்யுங்கள். எழுத வேண்டியதை அது நினைவகத்தில் பிடித்து வைத்துத் தாமதமாக எழுதும் வழக்கம் உடையது. நடுவில் மின்சாரம் போனால் கதை முடிந்தது.

விண்டோஸ் 3.1 வைத்திருப்பவர்கள் கவனிக்க: நினைவகம் போதாதபோது அது டிஸ்க்கில் பயன்படுத்தும் நிரந்தர ஸ்வாப் கோப்பு சுருக்க டிரைவில் இருக்க முடியாது, ஹோஸ்டில்தான் இருக்கும். விரித்த பிறகு ஹோஸ்டின் எழுத்து மறைந்துவிடும் என்பதால் விண்டோஸ் அதைத் தேடி முறையிடும். முன்கூட்டியே விண்டோஸின் கண்ட்ரோல் பேனலுக்குள் போய் ஸ்வாப்பை 'இல்லை' என்று மாற்றிவிட்டால் அந்த இடமும் உங்களுக்குக் கிடைக்கும்.

இப்போது விரிக்கலாம். எம்எஸ்-டாஸ் 6.2-இல் 'டிபிஎல்ஸ்பேஸ் /அன்கம்ப்ரஸ் சி:' என்பதுதான் கட்டளை. 6.22-இல் அதே கட்டளை டிஆர்விஸ்பேஸ் என்ற பெயரோடு. ஸ்டாக்கரின் பிந்தைய பதிப்புகளில் 'அன்ஸ்டாக்'. சி டிரைவின் முதல் அடைவிலும் ஹோஸ்டின் முதல் அடைவிலும் ஒரே பெயரில் கோப்பு இருந்தால், நிரல் அதைச் சொல்லி நின்றுவிடும். இரண்டும் ஒரே இடத்துக்கு வரப்போகின்றன, எதை வைப்பது என்று அதற்குத் தெரியாது. ஹோஸ்டில் உள்ளதன் பெயரை மாற்றிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். மற்றபடி காத்திருப்புதான். பழைய கணினியில் மணிக்கணக்கில் ஆகலாம். நின்றுவிட்டதுபோல் தோன்றினாலும் ரீசெட் பொத்தானைத் தொட வேண்டாம்.

எம்எஸ்-டாஸ் 6.0-இல் விரிக்கும் கட்டளையே கிடையாது. சுருக்குவது மட்டும்தான் அதற்குத் தெரியும். அங்கே ஒரே வழி, எல்லாவற்றையும் வெளியே நகலெடுத்து, டிஸ்க்கை ஃபார்மட் செய்து, திரும்பப் போடுவது. டிஆர் டாஸ் 6.0-இன் சூப்பர்ஸ்டோர் வைத்திருப்பவர்களுக்கும் இதையே சொல்வேன்.

இப்போது டாஸை மாற்றுங்கள்

சுருக்கம் போய்விட்டால் இது சாதாரண நிறுவல். புதிய டாஸின் பிளாப்பியில் பூட் செய்து, 'டிர் சி:' அடித்து உங்கள் கோப்புகள் தெரிகின்றனவா என்று முதலில் பாருங்கள். தெரிந்தால் நிறுவலைத் தொடருங்கள். தெரியாவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள்.

கான்பிக்.சிஸ் கோப்பில் பழைய சுருக்க நிரலின் வரி மிச்சம் இருந்தால் நீக்குங்கள். டிபிஎல்ஸ்பேஸ்.சிஸ் என்ற வரி டிரைவரை நினைவகத்தில் அதன் கடைசி இடத்துக்கு நகர்த்தும் வேலையைத்தான் செய்கிறது. டிரைவரே இல்லாதபோது அது வீண். புதிய டாஸ் வேறு பெயருள்ள கோப்பைப் படிக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். டிஆர்-டாஸ் 7 வரிசை டிகான்பிக்.சிஸ் இருந்தால் அதைத்தான் முதலில் எடுக்கும். ஃப்ரீடாஸ் எஃப்டிகான்பிக்.சிஸ் கோப்பைத் தேடும். "நான் மாற்றியது எதுவும் நடக்கவில்லையே" என்று குழம்புபவர்களில் பலர் தவறான கோப்பைத் திருத்திக்கொண்டிருப்பார்கள்.

கட்டளைகளை எங்கே தேட வேண்டும் என்று சொல்லும் பாத் வரியிலிருந்து பழைய டாஸ் அடைவை எடுத்துவிடுங்கள். ஒரு டாஸின் கட்டளைக் கோப்பை இன்னொரு டாஸில் ஓட்டினால் பதிப்புத் தவறு என்ற பிழைதான் பல நேரம் வரும்.

விரிக்காமலேயே மாற நினைப்பவர்களுக்கு

இரண்டு சூழ்நிலைகளில் இது நியாயமானது. ஒன்று, எம்எஸ்-டாஸ் 6.2-இலிருந்து 6.22-க்குப் போவது. 6.22-இன் டிரைவ்ஸ்பேஸ் நிரல் டபுள்ஸ்பேஸ் டிரைவைத் தன் வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளும். இன்னொன்று, தனியாக வாங்கிய ஸ்டாக்கர். அதன் பழைய பதிப்புகள் கான்பிக்.சிஸ் வழியாக ஏறும் சாதாரண டிரைவர்கள், அதனால் குறிப்பிட்ட டாஸை அவ்வளவாகச் சார்ந்திருப்பதில்லை. ஸ்டாக்கர்.காம் வரியையும், எழுத்துகளை மாற்றிவைக்கும் எஸ்ஸ்வாப்.காம் வரியையும் புதிய டாஸின் கான்பிக்.சிஸ் கோப்பில், அதே வரிசையில் சேர்க்க வேண்டும்.

இந்த முறையில் கான்பிக்.சிஸ் இரண்டு இடங்களில் இருக்கும்: ஹோஸ்டில் ஒன்று, சுருக்க டிரைவுக்குள் ஒன்று. பூட் ஆகும்போது படிக்கப்படுவது ஹோஸ்டில் உள்ளது. இரண்டையும் ஒத்துவைக்கும் வசதி எஸ்ஸ்வாப்பில் இருக்கிறது. அது ஓடவில்லை என்றால் நீங்கள் திருத்துவது ஒன்று, கணினி படிப்பது வேறொன்று என்றாகிவிடும்.

ஃப்ரீடாஸுக்கும் விண்டோஸ் என்டிக்கும் போகிறவர்களுக்கு இந்த வழி வேண்டாம். விண்டோஸ் என்டி டபுள்ஸ்பேஸையோ டிரைவ்ஸ்பேஸையோ படிக்காது. புதிய டிஸ்க்கை ஃபேட்32 என்ற பிந்தைய கோப்பு அமைப்பில் ஃபார்மட் செய்யப் போகிறீர்கள் என்றால் டிரைவ்ஸ்பேஸின் எந்தப் பதிப்பும் அதில் வேலை செய்யாது.

ஏற்கனவே மாற்றிவிட்டேன், எல்லாம் காணோம்!

மூச்சை இழுத்துவிடுங்கள். அந்த டிஸ்க்கில் இனி எதையும் எழுதாதீர்கள். கோப்பு நகலெடுக்க வேண்டாம், நிரல் நிறுவ வேண்டாம், டிஸ்க் பழுதுபார்க்கும் நிரல் எதையும் ஓட்ட வேண்டாம். குறிப்பாக டெல்ட்ரீ கட்டளை பக்கம் போகாதீர்கள். மறைவுக் கோப்பு, சிஸ்டம் கோப்பு, படிக்க மட்டும் என்ற அடையாளங்கள் எதையும் அது மதிக்காது, அழித்துவிடும்.

'டிர் /ஏ' அடித்துப் பாருங்கள். அந்தப் பெரிய கோப்பு இருக்கிறதா? இருந்தால் உங்கள் எல்லாக் கோப்புகளும் அதற்குள் இருக்கின்றன. பூட் கோப்புகளை டிஸ்க்கில் எழுதும், புதிய டாஸின் சிஸ் கட்டளை மாற்றியது பூட் செக்டரையும் சில சிஸ்டம் கோப்புகளையும்தான். பழைய டாஸின் பூட் பிளாப்பியில், சுருக்க டிரைவர் உள்ள அந்தப் பிளாப்பியில், கணினியைத் தொடங்குங்கள். டிபிஎல்ஸ்பேஸ்.ஐஎன்ஐ கோப்பு ஹோஸ்டில் இன்னும் இருந்தால், எந்தக் கோப்பை எந்த எழுத்தில் காட்ட வேண்டும் என்று அதில் இருக்கும் வரியைப் படித்து டிரைவர் சி டிரைவை மீண்டும் கொண்டுவந்துவிடும். சி தெரிந்ததும் முதல் வேலை நகல் எடுப்பது. அதற்குப் பிறகுதான் மற்ற எதுவும்.

பிளாப்பி இல்லை, பழைய கணினியும் ஓடவில்லை, டிஸ்க் மட்டும் கையில் இருக்கிறது என்றால், அதன் இமேஜை எடுத்து ஓர் எமுலேட்டரில் இரண்டாவது டிஸ்க்காக இணையுங்கள். முதல் டிஸ்க்கில் அதே பதிப்பு எம்எஸ்-டாஸையும் அதன் சுருக்க டிரைவரையும் நிறுவிக்கொண்டு, டபுள்ஸ்பேஸ் நிரலின் 'மவுன்ட்' கட்டளையால் அந்த .000 கோப்பைத் திறக்கலாம். முன்னே காகிதத்தில் பதிப்பு எண்ணை எழுதச் சொன்னது இதற்காகத்தான். எப்போதும் இமேஜின் நகலில் வேலை செய்யுங்கள், மூலத்தில் அல்ல.

புதிய டாஸில் மறுபடி சுருக்குவதா?

இன்று பழைய கணினியில் காம்பேக்ட் ஃபிளாஷ் அட்டையை டிஸ்க்காக மாட்டிவிட முடிகிறது. ஒரு சாதாரண அட்டையே அந்தக் காலத்து டிஸ்க்குகளைவிடப் பல மடங்கு பெரியது. அதனால் சுருக்கம் தேவையே இல்லை என்பது என் எண்ணம். டிரைவர் பிடித்துக்கொள்ளும் சில பத்து கேபி நினைவகமும் உங்களுக்கே மிஞ்சும். 640 கேபிக்குள் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்து விளையாட்டை ஓட்டுபவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

அந்தக் காலத்து அமைப்பை அப்படியே மீட்டுருவாக்க விரும்பி, அல்லது அசல் டிஸ்க்கையே வைத்துக்கொள்ள விரும்பிச் சுருக்குவதென்றால், சி டிரைவைச் சுருக்காதீர்கள். காலி இடத்திலிருந்து டி போன்ற புதிய சுருக்க டிரைவை உருவாக்கும் வசதி டபுள்ஸ்பேஸிலும் டிரைவ்ஸ்பேஸிலும் இருக்கிறது. டாஸும் பூட் கோப்புகளும் சுருக்காத சி-யில் இருக்கட்டும். உரைக் கோப்புகள், விரிதாள்கள், பிட்மேப் படங்கள் போன்றவற்றை அந்த டி-யில் வையுங்கள், அவை நன்றாகச் சுருங்கும். ஜிப் கோப்புகளை அங்கே போட்டுப் பயனில்லை, ஏற்கனவே சுருங்கியவை மேலும் சுருங்காது. டிரைவ்ஸ்பேஸின் 6.22 பதிப்பில் ஒரு சுருக்க டிரைவ் 512 எம்பியைத் தாண்ட முடியாது என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

எதிர்பாராமல் டிரைவர் ஏறிக் குழப்பம் செய்தால், எம்எஸ்-டாஸ் 6.2 முதல், தொடக்கச் செய்தி திரையில் வரும்போது கண்ட்ரோல் விசையோடு எஃப்5-ஐ அழுத்துங்கள். சுருக்க டிரைவர் இல்லாமல் கணினி தொடங்கும். எஃப்5 மட்டும் அழுத்தினால் கான்பிக்.சிஸ், ஆட்டோஎக்ஸெக்.பேட் கோப்புகளைத்தான் தவிர்க்கும், டிரைவர் அதற்கு முன்பே ஏறிவிட்டிருக்கும்.

பழைய இமேஜை உடனே அழிக்க வேண்டாம். புதிய அமைப்பில் ஒரு மாதம் வேலை செய்து, நீங்கள் வழக்கமாகத் திறக்கும் கோப்புகள் எல்லாம் ஒருமுறையாவது திறந்த பிறகு அதைப் பற்றி யோசிக்கலாம்.